ஆறாவது சீட்டு

புது மென்பொருளை முடிக்க எத்தனை நாள் பிடிக்கும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி மேசையில் போட்டார்கள். இருந்தவர்கள் ஐந்து பேர். விழுந்தது ஆறு சீட்டு. ஐந்திலும் நாலு, ஐந்து நாள் என்றிருந்தது. ஆறாவதில் பதினொன்று. குழுவில் டெஸ்டிங் பார்த்து, போன மாதம் இறந்துபோன அக்காவின் உருண்டைக் கையெழுத்து.

"அவ்ளோ வேலை இல்லையே," என்றாள் ஒருத்தி மெல்ல.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். பதினொண்ணே போடுங்க," என்றான் குழுத் தலைவன்.

வேலை ஐந்தே நாளில் முடிந்தது. அன்று மாலை தலைவனுக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அம்மாவுக்கு முடியவில்லை. அடுத்த ஆறு நாளும் அவன் அம்மாவின் கட்டிலை விட்டு நகரவில்லை.

"உன் வேலை கெடலையாப்பா?" என்றாள் அம்மா ஆறாம் நாள்.

"இல்லம்மா. முன்னாடியே நேரம் ஒதுக்கி வச்சிருந்தாங்க."

யார் என்று அம்மா கேட்கவில்லை. அவன் விரலைப் பிடித்தபடியே கண்மூடினாள்.