இருக்கைக்குப் பின்னால்

கடைசி ரிவெட் தகரத்தையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்தது.

கழன்ற வாரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தோல் முழுக்க வெடிப்பு. பக்கிள் மாட்டும் ஓட்டைக்கு நேராக அறுந்து நூலாகத் தொங்கியது.

இரண்டே இருக்கைகள் உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இருக்கைகளுக்குப் பின்னால், கார்ப்பெட் ஒட்டிய ஒரு பலகை அகலத்துக்கு இடம். அங்கே வைக்கும் பெட்டிகள் உருளாமலிருக்க, குறுக்கே இரண்டு வார்கள்.

வேலைச் சீட்டில் ஒரே வரி. லக்கேஜ் பெல்ட் மாற்ற வேண்டும்.

காலையில் கார் பட்டறைக்குள் நுழைந்தபோதே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

காரின் சொந்தக்காரர், மில்காரர், உள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேத்தி, கையில் கோன் ஐஸோடு. எட்டு வயதிருக்கும்.

"பழைய பெல்ட் இழுத்து நீண்டுபோச்சுங்க. இத வெச்சு அளவெடுக்க முடியாது. என்ன வைப்பீங்கன்னு சொன்னா அதுக்குத் தக்க வெட்டிடலாம்."

"பெட்டி ரெண்டு, கண்ணு. அப்பறம் குன்னூரு போறப்ப சுகந்தியோட புள்ள."

சுகந்தி அவர் வீட்டில் சமைப்பவள்.

"போன வாட்டி வளைவுல பெல்ட் அந்துபோயி, புள்ள உருண்டு, முன்பல்லு போயிருச்சு. பாவம். அதான் சட்டுனு மாத்தீரலாம்னு."

பிறகுதான் அவளைக் கூர்ந்து பார்த்தார்.

"நீ மாராத்தா மகதான? அட. இவ இதுலயேதான் வருவா தண்டபாணி, சின்னதுல."

பட்டறை முதலாளி தண்டபாணி சிரித்தார். "எங்க இஞ்சினியரம்மா லக்கேஜுங்களா? இத்தன நாளாச் சொல்லவே இல்ல பாருங்க."

சொல்லவில்லைதான்.

ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை, ஒவ்வொரு மே மாதமும். அப்போது அவர் வீட்டில் சமைத்த அம்மா, சாமான் வேனில் அண்டா குண்டாக்களோடு முதல் நாளே மலையேறிவிடுவாள். அந்த வேனில் மகளுக்கு இடம் கிடையாது. மறுநாள் இந்தக் காரில், இரண்டு சூட்கேஸுக்கு நடுவே அவளை மடக்கிப் படுக்கவைத்து, வயிற்றின் குறுக்கே வாரை இழுத்து மாட்டுவார்கள். வாந்தி எடுக்கக் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. இடது வளைவில் ஒரு பெட்டி விலாவில் இடிக்கும். வலது வளைவில் இன்னொன்று.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லோரிடமும் சொல்வாள், சிவப்புக் காரில் குன்னூர் போனேன் என்று.

பெருமையாகச் சொன்னாள்.

அதைத்தான் இன்றுவரை அவளால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது படித்திருக்கிறாள். அந்தத் தகரம் என்ன தாங்கும், என்ன தாங்காது என்று தெரியும். இருபது கிலோ பெட்டிக்காகப் போட்ட ரிவெட். மலை இறங்கும்போது லாரி ஒன்று குறுக்கே வர, பிரேக்கை மிதித்தால், பிள்ளை நேராக முன்கண்ணாடிக்குப் போகும்.

"இதுல ஆள் உக்காந்தா எந்தத் தோலும் தாங்காதுங்க. அடியில தகடு வெச்சு வெல்டு பண்ணி, முறையா சீட்டும் சீட் பெல்ட்டும் போட்டுடலாம். ரெண்டு நாள் வேலை."

"பாடியில போயி ஓட்டை போடறதா? ஒரிஜினாலிட்டி போயிரும், கண்ணு."

அன்பாகத்தான் சொன்னார்.

அவள் புதுத் தோல் வாரை எடுத்தாள். சாக்பீஸை எடுத்தாள். பேத்தியைப் பார்த்தாள்.

"பாப்பா, இங்க வா. அளவு பாக்கணும்."

குழந்தைக்கு ஒரே குஷி. இருக்கையைத் தாண்டிக் குதித்து, பலகையில் ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. ஐஸ் ஒழுகிக் கார்ப்பெட்டில் விழுந்தது. அவள் குழந்தையின் வயிற்றின் குறுக்கே வாரைக் கொண்டுபோய் இறுக்கினாள்.

நாற்காலி விழுந்த சத்தம்.

"எறக்கு. அவள எறக்கு மொதல்ல. அதுல போயி மனுசர உக்கார வெப்பாங்களா?"

பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது. தண்டபாணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குழந்தையைத் தூக்கி இறக்கிவிட்டாள். வார் கையிலேயே இருந்தது.

"சரிங்க. அப்ப எவ்வளவு வெட்டட்டுங்க?"

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. அவள் காத்திருந்தாள். ஒரு நிமிடம், முட்டாள்போல, நம்பவும் செய்தாள்.

அவர் கைக்குட்டையை எடுத்துப் பேத்தியின் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக.

"சுகந்தி புள்ள அளவுக்கே வெட்டிக்க," என்றார், நிமிராமல். "ரெண்டு ஓட்டை சேத்துப் போடு. வளர்ற புள்ள."

அவள் வாரை மேசைமேல் வைத்தாள். சாக்பீஸை அதன்மேல் வைத்தாள். பின்பக்கக் குழாயடிக்குப் போனாள்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் அங்கே யாரும் சோப்பைத் தொடுவார்கள்.

மணி பதினொன்று.

முழங்கைவரை தேய்த்தாள். நகக்கண்ணில் இருந்த கிரீஸையும் விடவில்லை.

உள்ளே தண்டபாணி சுத்தியலை எடுப்பது கேட்டது. பிறகு தோலில் ஓட்டை விழும் சத்தம். நிதானமாக, இடைவெளி அளந்து. மூன்று. நான்கு.

கொஞ்சம் பொறுத்து, இன்னும் இரண்டு.

அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.