ஃபீன் ஆடிய ஆட்டம்

"கல்லறை முன்னாடி ஆடியிருக்கா ஃபாதர். கையைத் தூக்கிக்கிட்டு சுத்திச் சுத்தி ஆடியிருக்கா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

ஹூபெர்தா அம்மாள் மேசையைத் தட்டினார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோவில் கூடத்தில் பாதி ஊர் கூடிவிட்டது.

எதிரே ஒற்றை நாற்காலியில் ஃபீன். சுரங்கத் தொழிலாளர் கேண்டீனில் சூப் காய்ச்சுகிறவள். விதவை.

ஜெர்மன்காரர்களிடமிருந்து ஹாலந்தை மீட்க வந்து செத்த அமெரிக்கப் பையன்கள் எங்கள் ஊர் எல்லையில்தான் படுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவனைத் தத்தெடுத்திருக்கிறோம். கல்லைத் துடைப்பது, பூ வைப்பது எல்லாம் அந்த வீட்டுப் பொறுப்பு. ஃபீனுக்கு வாய்த்தவர் வெண்டல். சண்டை முடிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை.

ஒரு கல்லறைக்காக வரிசையில் காத்திருக்கிற குடும்பங்கள் ஏராளம். அதில் அடுத்த ஆள் ஹூபெர்தா அம்மாளின் தங்கை மாப்பிள்ளை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஆடினது உண்மையா ஃபீன்?" என்றார் ஃபாதர்.

"உண்மைதான் ஃபாதர்."

"குடிச்சிருந்தியா?"

"இல்லை."

"பின்னே எதுக்கும்மா?"

"அது இன்னொருத்தர் வீட்டு விஷயம். நான் சொல்றது சரியில்லை."

"கேட்டீங்களா கதையை? செத்தவர்கூட இவளுக்கு என்ன ரகசியம்?" என்றார் ஹூபெர்தா அம்மாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயே திறக்காதவளுக்காக யார்தான் பேச முடியும்?

"சொல்லலைன்னா வெண்டலை வேற வீட்டுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்" என்றார் ஃபாதர் தயங்கியபடி.

ஃபீன் முகம் வெளுத்துவிட்டது. "என்னை என்ன வேணா பண்ணுங்க ஃபாதர். அவரை மட்டும் எடுத்துடாதீங்க."

அப்போதுதான் கதவு திறந்தது. கையில் பெட்டியோடு வெளிநாட்டுப் பெண் ஒருத்தி, கூடவே ஒரு வாலிபன். அவள் பேசியது இங்கிலீஷ். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் என்னை முன்னே தள்ளினார்கள்.

"வெண்டலோட பொண்ணாம், பேரு லொரெய்ன்" என்றேன். "அப்பா சாகும்போது அம்மா வயித்துல இருந்தாங்களாம். முதல் தடவையா அவரைப் பார்க்க வந்திருக்காங்க. ஃபீனைத் தேடிப் போனாங்களாம், பக்கத்து வீட்ல இங்க அனுப்பியிருக்காங்க."

"நல்ல நேரத்துல வந்தா" என்றார் ஹூபெர்தா அம்மாள். "வாத்தியாரே, போன சனிக்கிழமை சாயங்காலம் இவ அப்பா கல்லறையில நடந்த கூத்தைச் சொல்லுங்க."

சொன்னேன். வேறு என்ன செய்ய?

லொரெய்ன் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. ஹூபெர்தா அம்மாள் ஃபாதரை வெற்றியோடு பார்த்தார்.

"நிஜமாவே ஆடினாங்களா?" என்று என்னைக் கேட்டாள் லொரெய்ன். "இதுல ஃபீன் யாரு?"

கையைக் காட்டினேன். அவள் நேரே போய் ஃபீனைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஊரைப் பார்த்துப் பேசினாள். நான் வரிவரியாகச் சொன்னேன்.

"போன சனிக்கிழமை எனக்கும் இவருக்கும் கல்யாணம். எங்க ஊர்ல மணப்பொண்ணு அப்பாகூட ஆடணும். அம்மா ரெண்டாவதா கட்டிக்கிட்டவர் எழுந்து வந்தாரு. நான் மாட்டேன்னுட்டேன். கையைத் தூக்கிக்கிட்டுத் தனியாவே ஆடினேன். ஒரே சண்டை. பைத்தியம்னாங்க. ஆனா நான் தனியா ஆடலை. அதே நேரத்துல அப்பா பக்கத்துல நின்னு எனக்காக ஆடுங்கன்னு டச்சு தெரிஞ்சவரை வெச்சு லெட்டர் எழுதி இவங்களைக் கெஞ்சிக் கேட்டிருந்தேன்."

ஹூபெர்தா அம்மாள் மெல்ல எழுந்தார். இன்னும் என்ன பாக்கி வைத்திருக்கிறாரோ என்று நினைத்தேன்.

"என்ன வாத்தியாரே, மரம் மாதிரி நிக்கிறீங்க?" என்றார் கண்ணைத் துடைத்தபடி. "நம்ம பேண்டுக்காரங்களைக் கூப்பிடுங்க. நாற்காலியெல்லாம் ஓரமாத் தள்ளுங்க. இந்தப் பொண்ணும் ஃபீனும் சேர்ந்து ஆடட்டும்."