ஒரே ரூம்

"இன்னிக்கே ரூமைக் காலி பண்ணிடு. அவன் மூஞ்சியிலேயே முழிக்காதே!"

சிங்காரவேலு போட்ட சத்தத்தில் எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

வெள்ளிக்கிழமை வளைகுடாவில் விடுமுறை. மகன் தமிழரசன் வாரா வாரம் சார்ஜாவிலிருந்து ஒரத்தநாட்டில் பக்கீர் முகம்மதுவின் பூத்துக்குக் கூப்பிடுவான். சிங்காரவேலுவும் மனைவி மங்களாம்பிகையும் முக்கால் மணி நேரம் முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த வாரம் "சாப்பிட்டியா" என்றுகூட அவர் கேட்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே சண்டை.

தொண்ணூற்றெட்டு மே மாதம் அது. முதல் நாள்தான் பாகிஸ்தானும் அணுகுண்டு வெடித்திருந்தது. தமிழரசனோ அங்கே ஜாவித் என்ற பாகிஸ்தான்காரனோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறான்.

இரண்டு வாரம் முன்பு நாம் வெடித்தபோது பஸ் ஸ்டாண்டில் சரவெடி கொளுத்தியவர் இதே சிங்காரவேலுதான். "இனிமே எவனும் வாலாட்ட முடியாது" என்று டீக்கடை மேஜையைத் தட்டிப் பேசினார். பக்கீர் முகம்மதுவும் போய்க் கை தட்டினார். அவர் தட்டாமல் இருந்தால் ஊர் கவனிக்கும்.

இப்போது அந்த வீரத்தைக் காணோம். குண்டு ஒரு பக்கம் இருந்தவரை அவருக்கு எல்லாம் புரிந்தது. இரண்டு பக்கமும் வந்த பிறகு ஒன்றுமே புரியவில்லை.

"நம்மகிட்ட இருந்தா அவன் பயப்படுவான்னாங்க. இப்ப அவன்கிட்டயும் இருக்கு. யாரு யாருக்குய்யா பயப்படறது?" காலையிலிருந்து பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டுவிட்டார்.

"அப்பா, ஜாவித் நல்லவன்ப்பா. எனக்கு டைபாய்டு வந்தப்ப அவன்தான் கஞ்சி வச்சிக் குடுத்தான்."

"அது அப்ப! இப்ப நிலைமை வேற. தூங்கறப்ப எதாவது பண்ணிட்டான்னா? இங்கேருந்து நான் என்னடா செய்வேன்?"

ரிசீவரின் மறுபக்கம் காதை ஒட்டி வைத்திருந்த மங்களாம்பிகை அவர் சட்டையை இழுத்தாள். "மெதுவாப் பேசுங்க. பாய் இருக்காரு."

பக்கீர் முகம்மது பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்காகக் காது கேட்காமல் போகுமா?

சார்ஜாவில் தமிழரசன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு சொன்னான்.

"நான் காலி பண்ண வேண்டியதில்லப்பா. அவனே பெட்டியைக் கட்டிட்டான்."

"ஏன்?"

"அவங்கப்பா ஊர்லேர்ந்து போன் பண்ணினாரு. இந்தியாக்காரன்கூட ஒரே ரூம்ல படுக்காதே, தூங்கறப்ப கழுத்தை அறுத்துடுவான்னு ஒரே அழுகையாம்."

சிங்காரவேலு புரியாமல் விழித்தார்.

"எந்த இந்தியாக்காரன்?"

"நான்தாம்ப்பா."

"நீயா?" அவருக்கு வந்ததே கோபம். "கோழி அறுக்கறதைப் பாத்தாலே தலை சுத்தி விழறவனா கழுத்தை அறுப்பான்? அந்தாளு உன்னைப் பாத்திருக்கானா? ஒரு வார்த்தை பேசியிருக்கானா? முகம் தெரியாத புள்ளையப் பத்தி இப்படிச் சொல்ல அவனுக்கு எப்படிடா நாக்கு வந்துச்சு?"

கேட்டுவிட்டு அவரே நின்றுபோனார். மங்களாம்பிகை அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டார்.

"அவனைப் போவ வேணாம்னு சொல்லு."

"அப்பா பேச்சைத் தட்ட மாட்டான்ப்பா."

"பக்கத்துல இருக்கானா? போனை அவன்கிட்ட குடு."

"அவனுக்குத் தமிழ் தெரியாதேப்பா... கார்டு வேற தீரப் போவுது..."

"குடுங்கறேன்ல!"

கதவைத் தள்ளி ரிசீவரைப் பக்கீர் முகம்மதுவிடம் நீட்டினார். "பாய், நீங்க பேசுங்க. துபாய்ல பத்து வருஷம் இருந்தவரு, இந்தி தெரியும். ரூமை விட்டு வந்துடுன்னு அவங்கப்பா சொல்லிட்டாராம்."

பக்கீர் முகம்மது பதறிப் போனார். "இன்னிக்கா? என் பூத்துலேர்ந்து நான் பாகிஸ்தான்காரன்கிட்ட பேசுனேன்னு தெரிஞ்சா ஊர்ல என்னைய என்ன சொல்வாங்கண்ணே?"

"நான் பேசச் சொன்னேன்னு சொல்லுங்க. எவன் கேக்கறான்னு பாத்துடறேன்."

"என்னன்னு சொல்ல?"

"தமிழரசனோட அப்பா சொல்றேன், என் புள்ள யாருக்கும் கெடுதல் நெனைக்காதவன், அதுக்கு நான் ஜவாப்தாரி. உங்கப்பாகிட்ட இதைச் சொல்லு, பயப்பட வேணாம்னு சொல்லு. அப்படியே சொல்லுங்க பாய், ஒரு வார்த்தை விடாம."

பக்கீர் முகம்மது தட்டுத்தடுமாறிச் சொன்னார். மறுமுனையில் என்னவோ பதில் வந்தது. அவர் நெற்றியைச் சுருக்கினார். திருப்பி ஒரு தடவை கேட்டார். மறுபடியும் அதே பதில். எதிரே துண்டைப் பிசைந்துகொண்டு நிற்கிற சிங்காரவேலுவை ஒரு முறை பார்த்துவிட்டு, "அச்சா, அச்சா" என்று சொல்லி ரிசீவரை வைத்தார்.

"என்ன சொன்னான்?"

"எங்கேயும் போவலையாம்ண்ணே. உங்க மவன்கூடத்தான் இருக்கப்போறானாம்."

சிங்காரவேலுவுக்கு அப்பாடா என்றிருந்தது. "நல்ல புள்ள. அவங்கப்பாவையும் குத்தம் சொல்ல முடியாது பாய். பெத்தவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும்" என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

மங்களாம்பிகை நகரவில்லை.

"அந்தப் புள்ள வேற என்னமோ சொன்னான்ல பாய்? உங்க முகமே மாறிப்போச்சே?"

பக்கீர் முகம்மது தெருவை எட்டிப் பார்த்தார். சிங்காரவேலு கண்ணில் படவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவன் பெட்டியே கட்டலையாம் தங்கச்சி. 'எங்கப்பாவா போன் பண்ணினாரு? நான் கைக்குழந்தையா இருக்கறப்பவே அவரு செத்துட்டாரே'ங்கறான்."