ஒரு பொட்டு மஞ்சள்

“இன்னிக்காவது கையெழுத்துப் போடுவீங்களா மேடம்? மேலிடத்து ஆளுங்க மூணு மணிக்கு வந்துடுவாங்க” என்றார் மேலாளர்.

“கல்லு சொன்னா போடறேன் சார்” என்றாள் பாறை ஆய்வாளர்.

கிடங்கு முழுக்க நீளப் பெட்டிகள். அறுநூறு மீட்டர் ஆழம் வரை துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகள் அவற்றில் வரிசையாகக் கிடந்தன. அந்தப் பாறைக்குள்தான் அணுக்கழிவைப் புதைப்பதாகத் திட்டம். ஒரு லட்சம் வருடங்களுக்கு.

“கல்லு என்னத்த சொல்லும்?”

“இந்தப் பாறையில இயற்கையாவே கொஞ்சம் யுரேனியம் இருக்கு. தண்ணி தொடாத வரைக்கும் கறுப்பா, சாதுவா கிடக்கும். விரிசல் வழியா மேல் தண்ணி இறங்கியிருந்தா மஞ்சப் பொடியா பூத்துடும். அப்படிப்பட்ட இடத்துல கழிவைப் புதைச்சா, என்னிக்காவது கிணத்துத் தண்ணியில வந்து நிக்கும்.”

“மஞ்சள் இருந்தா?”

“வேற இடம் தேடி, முதல்லேருந்து தோண்டணும். இன்னும் ரெண்டு வருஷம் நான் வீட்டுக்குப் போக முடியாது. என் பொண்ணு இப்பவே போன்ல ‘நீங்க எந்த ஆன்ட்டி?’ங்கறா.”

மேலாளர் சிரித்துக்கொண்டே ஜன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்தார்.

ஆய்வாளர் கையடக்கப் புற ஊதா விளக்கை முதலில் ஒரு மாதிரிக் கல்லின் மீது காட்டினாள். அதிலிருந்த மஞ்சள் பூச்சு பச்சையாக ஒளிர்ந்தது.

“பாத்தீங்களா? ஒரு பொட்டு இருந்தாக்கூட காட்டிக் கொடுத்துடும்.”

விளக்கு பெட்டி பெட்டியாக நகர்ந்தது. முப்பது, ஐம்பது, எண்பது. எல்லாமே இருட்டு. கடைசிப் பெட்டிக்கு வந்தாள். அதுவும் இருட்டு.

“சார், நான் ஊருக்குப் போறேன்!”

மேசைக்கு வந்து ஊதா விளக்கை எரியவிட்டபடியே வைத்தாள். அதன் வெளிச்சத்திலேயே அறிக்கையை விரித்தாள். ‘நீர் புகாத பாறை’ என்ற வரிக்குக் கீழே பேனாவை வைத்தாள்.

“நான்தான் சொன்னேனே, நம்ம சரக்கு சுத்தம்னு” என்றார் மேலாளர்.

“சுத்தமில்லாம?” கதவைத் திறந்துகொண்டு வந்தாள் துப்புரவு அக்கா. “விருந்தாளிங்க வராங்க, பளிச்சுனு இருக்கணும்னு சார் சொன்னாரேன்னு, ரெண்டு நாளா ஒரு கல்லு விடாம பிரஷ் போட்டுத் தேய்ச்சு, தண்ணி ஊத்திக் கழுவித் துடைச்சிருக்கேனே! கொஞ்சம் கையை எடுங்க மேடம், மேசையிலயும் தூசி.”

மேசையைத் துடைக்க நீண்ட அவளுடைய பழந்துணி, ஊதா விளக்கின் கீழ் வந்ததும் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தது.