வில்லனின் வசனம்

"உண்மையைச் சொல்லுங்க. உங்க வில்லன் எங்க அப்பாதானே?"

முதல் காட்சிக்குக் கிளம்பும்போது மனைவி மறுபடி ஆரம்பித்தாள்.

"காமிக்ஸ்ல இருக்கிற வில்லன்மா. நான் அதைப் படமா எடுத்தேன், அவ்வளவுதான்."

"அந்தப் புத்தகத்தை நானும் புரட்டிட்டேன். அதுல அவன் ஹா ஹான்னு சிரிக்கிறதோட சரி. ஒவ்வொருத்தனையும் தீர்த்துக்கட்டறதுக்கு முன்னாடி தோள்ல கை வச்சு, 'உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்'னு சொல்றது எங்கேருந்து வந்துச்சு? அப்பாவுக்குத் தெரிஞ்சா நம்ம வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டார்."

தியேட்டரில் அந்த வசனம் வந்தபோதெல்லாம் கைதட்டல். மாமனார் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்ததும் என்னை ஓரமாக அழைத்துப்போனார்.

"அந்த வில்லன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு மாப்பிள்ளை."

"மாமா, அது வந்து..."

"மறைக்காதீங்க. அச்சு அசல் உங்க அப்பாவேதான். சம்பந்தி பார்த்தா மனசு உடைஞ்சுபோவார். அந்த வசனத்தை எடுத்துடுங்க."

என் தோளில் கை வைத்தார்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."