என் தப்பு இல்லை

பந்து உருண்டு வந்து அவள் காலில் பட்டு நின்றது.

பஞ்சு அடைத்த மஞ்சள் பந்து. யாரிடம் வருகிறதோ அவர் அந்த வரியைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்கு உருட்ட வேண்டும்.

வீட்ல நடந்தது என் தப்பு இல்ல.

பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எல்லோருடைய வீட்டிலும் அப்பா அம்மாவை அடித்திருக்கிறார். அதனால்தான் சனிக்கிழமைதோறும் இந்த ஆலோசனை மையத்துக்கு வருகிறார்கள். பாடுகிறார்கள், வரைகிறார்கள், பேசச் சொன்னால் பேசுகிறார்கள்.

அவளுக்கு ஆறு வயது. பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா," என்றாள் ஜெசிந்தா மிஸ்.

"என் தப்புதான் மிஸ்."

மிஸ் சிரித்தாள். முதலில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். பெரியவர்கள் சண்டைக்குச் சின்னப் பிள்ளைகள் ஒருநாளும் காரணம் இல்லை என்றாள்.

"நாந்தான் மிஸ் அப்பாட்ட சொல்லிக் குடுத்தேன்."

அன்றைக்குக் கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு அப்பா கேட்டார், அம்மா போன்ல ஆருகிட்ட பேசுதா என்று. செல்வின் மாமாட்ட என்றாள். சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவா என்றும் சொன்னாள். அதை அப்பா கேட்கவில்லை. அவளாகச் சொன்னது. அப்பா அவள் தலையைத் தடவினார்.

வீட்டுக்கு வந்து, பிசுபிசுத்த கையை அவள் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே சத்தம் கேட்டது.



பக்கத்தில் இருந்த பையன் மிஸ்ஸை முந்திக்கொண்டு சொன்னான்.

"அப்பம் உன் தப்புதாம்ட்டி."

சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான். அவனைப் பார்த்து இந்தப் பக்கத்துப் பெண்ணும் தள்ளி உட்கார்ந்தாள்.

மிஸ் அவசரமாகக் கைதட்டினாள். எல்லோரும் சேர்ந்து அவளுக்குச் சொல்லுங்கள் என்றாள். உன் தப்பு இல்ல, உன் தப்பு இல்ல. பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் கத்தினார்கள். அந்தப் பையன் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் அவளும் சொன்னாள்.

சொன்னதும் நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொன்னாள்.

எல்லாம் முடிந்து வந்தபோது அம்மா வாசல் கேட்டுக்கு வெளியே நின்றாள். மற்ற அம்மாக்கள் குனிந்து, இன்னைக்கு என்ன செஞ்சீங்க என்று கேட்டார்கள். அம்மா பையை வாங்கிக்கொண்டு நடந்தாள். அப்பாவை விட்டுச் சித்தி வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அவளிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். சாப்பிடு. குளி. கிளம்பு.

"அம்மா, அது என் தப்பு இல்லயாம். மிஸ் சொன்னாங்க."

அம்மா திரும்பவில்லை.

அம்மாவுக்கு இடது காது கேட்காது. அப்பா அறைந்ததில் போனது. அவள் நடந்து வந்தது அந்தப் பக்கம்.

ஓடி வலப்பக்கம் வந்தாள். அதையே மறுபடி சொன்னாள், இன்னும் சத்தமாக.

அம்மா நின்றாள். தோளைப் பிடித்து அவளை இடப்பக்கத்துக்கே நகர்த்தினாள்.

"வண்டி வருது. இந்தப் பக்கம் வா."

தெருவில் வண்டி எதுவும் வரவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அம்மா சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவுக்கு எதிரே போய் நின்றாள். இப்போது அம்மாவின் முகமும் அவள் முகமும் நேருக்கு நேர் இருந்தன.

"என் தப்புதாம்மா."

அம்மா அவளைப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இறுக்கமாக.

அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போனது. அம்மா எழுந்திருக்கவில்லை.

மடியில் அவள் அசையாமல் இருந்தாள்.