ரெங்கம்மா எடுக்காத டிப்ஸ்

"அந்தப் பெட்ஷீட்டை விடு பவானி! அது நம்ம வேலை இல்ல" என்றான் கண்ணையா, கட்டிலில் படுத்தபடி.

பவானி கேட்டால்தானே? புருஷனை ஒரு பக்கமாக உருட்டிவிட்டு, மெத்தையைத் தூக்கி, விரிப்பைச் சுருக்கமில்லாமல் உள்ளே செருகினாள். குளியலறைக் கண்ணாடியை ஏற்கெனவே துடைத்தாயிற்று. ஈரத் துண்டுகளையும் மடித்து ஓரமாக அடுக்கியாயிற்று.

"மூணு நாளு எதையும் தொடமாட்டேன்னு சொல்லிட்டுத்தானே வந்தே?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குது. வர்றவ பாத்தா என்ன நினைப்பா? மாடு மேஞ்ச மாதிரி போட்டு வச்சிருக்காங்கன்னு நினைக்க மாட்டாளா?"

"அய்யோ அம்மா, அவங்க வந்து க்ளீன் பண்ணத்தானே ஓட்டலு!" என்றாள் மகள் ஷோபா. பன்னிரண்டு வயது. நேற்று வந்ததிலிருந்து ஏசி ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை.

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் மூவரும் குடும்பமாக ஓட்டலில் தங்குவது இதுதான் முதல் தடவை. ஜன்னலைத் திறந்தால் ஜங்லிகாட் துறையில் நிற்கும் மீன் படகுகள் தெரிந்தன. கண்ணையா அதைப் படம் பிடித்தான். பிளாஸ்க்கைப் படம் பிடித்தான். குளிக்கிற சோப்பைக்கூட விடவில்லை.

"நூறு ரூபா குடு. டிப்ஸ் வைக்கணும்" என்றாள் பவானி.

"அம்பது போதாதா? தலகாணிக்கு அடியில வச்சிடு."

"அடியில வச்சா எடுக்க மாட்டாங்க. கெஸ்ட் மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு ரிசப்ஷன்ல குடுத்துடுவாங்க. மேல வச்சு, சீட்டும் எழுதி வைக்கணும்."

'ஹவுஸ்கீப்பிங்குக்கு, நன்றியுடன்' என்று எழுதி, நோட்டோடு சேர்த்துத் தலையணை மேல் வைத்தாள். வைத்த கையோடு மணி அடித்தது.

வாசலில் தள்ளுவண்டியோடு நீலச் சீருடையில் ஒரு பெண். மார்பில் 'ரெங்கம்மா' என்று பெயர்ப் பட்டை. அவள் முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் கையில் தாளோடு நின்றார்.

"குட் மார்னிங் மேடம். ரூம் சாஃப் கரூம்?" என்று அறையைச் சுத்தம் செய்ய இந்தியில் அனுமதி கேட்டாள்.

"வாங்க, வாங்க!" பவானிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ரெங்கம்மா சிரிக்கவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. கட்டிலைப் பார்த்தாள், குளியலறையை எட்டிப் பார்த்தாள், பழைய துண்டுகளை எடுத்துக்கொண்டு புதியவற்றை வைத்தாள். இரண்டே நிமிஷத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். தலையணை மேல் நூறு ரூபாய் வைத்தபடியே கிடந்தது.

பவானிக்கு முகம் விழுந்துவிட்டது.

"பாத்தீங்களா? தமிழ்ல பேசினா வாய் வலிக்குதாமா? மேடமாம் மேடம்! காசைக்கூடத் தொடலையே. எம்மேல என்னவோ கோபம்."

"சோடோ யார், விட்டுத்தள்ளு! அவ கோபம் உனக்கு எதுக்கு? நாளன்னைக்கு கிளம்பிடப் போறோம்."

"அவ மனசு கோணியிருக்க, நான் எப்படிங்க நிம்மதியாக் கிளம்புவேன்?"

அன்று கடற்கரையில் ஷோபா அலையில் குதித்தாள், கண்ணையா இளநீராகக் குடித்துத் தள்ளினான். பவானி மட்டும் மணலில் உட்கார்ந்து, தான் எங்கே தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். நாளைக்கு வெள்ளென எழுந்து, ரெங்கம்மாவுக்கு ஒரு துரும்பு வேலைகூட இல்லாமல் அறையைப் பளபளவென்று ஆக்கிவிடுவது. அப்போதாவது மனசு இறங்காதா?

ஆனால் மறுநாள் கண்ணையா விடவில்லை.

"ஏழு மணிக்கு போட்! சலோ சலோ, ஜல்தி!"

"இருங்க, பெட்டை மட்டும்..."

"போட்டு போயிடும்டி!"

கட்டில் நிறையச் சிப்ஸ் தூள். தரையெல்லாம் நேற்றைய மணல். நாற்காலியில் ஈரத் துண்டு. பவானிக்கு மானமே போய்விட்டது. இருநூறு ரூபாயை வைத்து, 'ரெங்கம்மாவுக்கு. எம்மேல் என்ன கோபம்?' என்று கிறுக்கத்தான் நேரமிருந்தது.

படகில் ஷோபா தண்ணீருக்கடியில் பவளப்பாறை தெரிகிறது என்று கத்தினாள். பவானி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "நேத்தே முகம் குடுக்கல. இன்னைக்கு அந்த ரூமைப் பாத்தா காறித் துப்பப் போறா" என்று புலம்பிக்கொண்டே வந்தாள்.

மதியம் அறைக் கதவைத் திறந்தார்கள். தரை கண்ணாடியாக மின்னியது. விரிப்பில் ஒரு சுருக்கமில்லை. நடுக்கட்டிலில் இரண்டு துண்டுகள் அன்னங்களாக மாறி மூக்கோடு மூக்கு வைத்து உட்கார்ந்திருந்தன. ஷோபா கைதட்டினாள்.

தலையணை மேல் பணத்தைக் காணோம். சீட்டு மட்டும் இருந்தது. அதன் பின்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக எழுத்து. பவானி அதை எடுத்தாள். படிக்கப் படிக்கக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கண்ணையா சீட்டை வாங்கி வாய்விட்டுப் படித்தான்:

"அடியே பவானி, கோபமாவது மண்ணாவது! மேடம்னு கூப்பிட்டப்பவே எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. நிமிர்ந்திருந்தா அந்த சூப்பர்வைசர் முன்னாடியே சிரிச்சுத் தொலைச்சிருப்பேன். நேத்து எல்லாத்தையும் நீயே துடைச்சு வச்சிட்டே, செய்யாத வேலைக்கு எப்படிடி காசு எடுப்பேன்? இன்னைக்குத்தான் நீ கெஸ்ட்டு மாதிரி இருந்தே, எடுத்துக்கிட்டேன். பெஸ்ட் ஒர்க்கர்னு நம்ம ஓட்டல்ல உனக்குப் பரிசாக் குடுத்த ரூமு, இன்னைக்கு ஒருநாளாவது ராணி மாதிரி காலை நீட்டிப் படு. நாளைக்கு யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு டூட்டிக்கு வந்து சேரு, உன் ஏழு ரூமையும் சேத்துத் துடைச்சு என் முதுகு ஒடிஞ்சு கெடக்கு."